கரையில் நின்றபடியே கண்டம் தாண்டும் பறவையைப் பின்தொடர்வது: கடலூர், புதுச்சேரி ஆர்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாழங்குடாவில் பெண்ணையாறு கடலைத் தொடும் இடத்தில் ஆகஸ்ட் மாதம் வந்திறங்கும் வளைமூக்கு உள்ளான், இரண்டு மாதத்துக்கு முன் சைபீரியாவின் வடகோடியில் முட்டை மேல் உட்கார்ந்திருந்த பறவை. அதன் பயணத்தைத் தெரிந்துகொள்ள நாம் ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டு முழுவதும் எண்ணி எழுதிவைப்பதும், அந்த எண்ணிக்கையை வழியில் உள்ள மற்றவர்களின் எண்ணிக்கையோடு சேர்த்துப் படிப்பதும்தான் இந்த வேலை. ஊர் ஊராகப் போய் அரிய பறவைகளைப் படம் பிடிப்பது வேறு பொழுதுபோக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் எண்ணுவதைத்தான் கைவிடுகிறார்கள்.

நம் கரை மத்திய ஆசிய வலசைப் பாதையில் இருக்கிறது. ஆர்க்டிக் ரஷ்யாவில் தொடங்கி கஜகஸ்தானின் ஏரிகள், இமயமலை, இந்தியா, இலங்கை, மாலத்தீவு என 30 நாடுகளைத் தொடும் பாதை இது. எல்லாப் பறவைகளும் ஆர்க்டிக்கிலிருந்து வருவதில்லை. நாம் மணல் உப்புக்கொத்தி என்று பார்ப்பவற்றில் பெரும்பாலானவை திபெத், பாமிர், லடாக் போன்ற மேட்டு நிலங்களில் முட்டையிடுபவை. பொரி உள்ளான் வடக்கு ஊசியிலைக் காடுகளின் சதுப்பிலிருந்து வருகிறது. நெடுங்கால் உள்ளானோ இங்கேயே குஞ்சு பொரிக்கும். ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் மேயும் பறவைகளின் சொந்த ஊர்களுக்கு இடையே 4,000 கிலோமீட்டர் இடைவெளி இருக்கலாம்.

முதல் படி: ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பகுதியில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. கடலூரில் தேவனாம்பட்டினத்தை ஒட்டிய கடிலம், உப்பனாற்றுக் கழிமுகம், தாழங்குடா, தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அதற்கும் கீழே பிச்சாவரம். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாற்று முகத்துவாரம். வடக்கே மரக்காணம் உப்பளமும் அதை ஒட்டிய கழுவெளியும். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தலமாகவும் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) ஆனது. பிச்சாவரம் 2022-லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நன்னீருக்கு ஊசுடு, பாகூர், பெருமாள் ஏரி, வீராணம்.

பேர்பெற்ற இடம் என்பதற்காக எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேர முடிய வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும். ஒரே இடத்தில் நின்று சேற்றுப்பரப்பு முழுவதையும் பார்க்க முடிய வேண்டும். பிச்சாவரம் அழகானது. ஆனால் அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கிடப்பதால் தனி ஆள் எண்ணுவதற்குச் சிரமமான இடம். பரங்கிப்பேட்டையும் தாழங்குடாவும் அந்த வகையில் எளிது.

பிரதான இடத்தோடு ஒரு மழைக்கால மாற்று இடமும் வேண்டும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் முகத்துவாரங்களில் வெள்ளம் தேங்கிவிடும், சேறே வெளியில் தெரியாது. பறவைகள் உப்பளத்துக்கும், நடவுக்கு உழுத வயலுக்கும், வற்றிக் கிடக்கும் இறால் குட்டைகளுக்கும் நகரும். மாற்று இடத்தைப் பார்க்காதவர் நவம்பரில் “பறவை குறைந்துவிட்டது” என்று எழுதுவார். குறைவது பெரும்பாலும் சேறுதான்.

உப்பளத்தில் எந்தப் பாத்தியில் தேடுவது என்பதும் முக்கியம். கடல்நீரை முதலில் தேக்கும் பாத்திகளில்தான் புழுவும் சிறு இறாலும் இருக்கும். உப்பு பூக்கும் கடைசிப் பாத்திகளில் பறவை நிற்கும், ஆனால் மேயாது. ஓய்வுக்கு அவை நல்ல இடம். வரப்பில் நடக்கும் முன் உப்பளக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈர வரப்பு மிதிபட்டால் உடையும், பாத்தி நீர் கலந்துவிடும்.

ஏற்றம், வற்றம், வெயில்

நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குஜராத் கரை போலக் கிலோமீட்டர் கணக்கில் சேறு வெளிப்படாது. ஆகவே அரை மணி நேரத் தவறும் இங்கே பெரிய தவறு. ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களுக்கான அட்டவணைகளை வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம். கழிமுகத்தின் உட்பகுதியில் அதைவிடத் தாமதமாக நீர் ஏறும். எவ்வளவு தாமதம் என்பதை நீங்களே அளக்க வேண்டும்: 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் குச்சியைச் சேற்றில் நட்டு, கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஒரு பௌர்ணமி, ஓர் அரைநிலா நாள் என இரண்டு முறை செய்தால் போதும்.

எல்லாவற்றையும் குலைக்கும் ஒன்று மணல் திட்டு. கோடையில் ஆற்றில் நீர்வரத்து நின்றதும் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே உள்ள நீர் கடலோடு சேர்ந்து ஏறாது, இறங்காது. அட்டவணை பயன்படாது. வாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுங்கள். அங்கே வலை வீசுபவரைக் கேட்டால் எந்த நாளில் அடைந்தது என்றே சொல்வார். பெருவெள்ளம் வாயின் உருவத்தையே மாற்றும். 2011 டிசம்பரின் தானே புயலுக்கும், 2024-இன் ஃபெஞ்சல் புயலுக்கும் பெண்ணையாற்று வெள்ளத்துக்கும் முன்பின் எண்ணிக்கைகளை ஒப்பிடுபவர், மேய்ச்சல் சேற்றின் பரப்பு மாறியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது எண்ணுவது? இறங்கும் நீரில் பறவைகள் பரவி மேயும். இனம் பார்க்க, காலில் ஆய்வாளர்கள் மாட்டிய கொடியும் வளையமும் பார்க்க அதுவே நல்ல நேரம். எண்ணுவதற்கு உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும். அப்போது மேய இடமின்றி எல்லாம் ஒரே திட்டில் கூடி நிற்கும்.

சூரியன் கடல் பக்கம் எழுகிறது. காலையில் ஆற்றுப் பக்கம் நின்று கடலைப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு உருவம்தான். இடையில் உள்ள மணல் மேட்டில் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே பார்த்து நில்லுங்கள். மாலையில் இதைத் தலைகீழாக்குங்கள். வெயில் ஏறி ஒன்பது மணியைத் தாண்டினால் சேற்றின் மேல் காற்று அலையத் தொடங்கும். எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் நூறு மீட்டருக்கு அப்பால் கால் வளையம் தெரியாது.

கருவிகள்

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கம், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி) ஒன்று போதும், தொடங்கலாம். கரைப்பறவைக்கு 10x42 சற்று உதவும். உண்மையான வித்தியாசம் ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில்தான்: 60 முதல் 80 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி, 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கம். நாம் 60 மடங்கை அரிதாகவே பயன்படுத்துவோம். 30-இல் தெளிவாகத் தெரிவது நல்ல ஸ்கோப். காசை மிச்சம் பிடித்து இலேசான ட்ரைபாட் வாங்காதீர்கள். சோழகக் காற்றில் நடுங்கும் ஸ்கோப்பால் பயனில்லை. நடுத்தண்டில் தண்ணீர் பாட்டில் நிறைந்த பையைத் தொங்கவிட்டால் நிலைக்கும். கையில் அழுத்தி எண்ணும் கவுன்ட்டர், பென்சில், நோட்டு. பேனா மை ஈரத்தில் கரையும். உப்புக்காற்று பட்ட லென்ஸைத் துணியால் நேராகத் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதித் தூசியை அகற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றுங்கள்.

எட்டு இனங்களில் தொடங்குங்கள்

கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, சதுப்பு மண் உள்ளான், பொரி உள்ளான், பொன்னிற உப்புக்கொத்தி, மணல் உப்புக்கொத்தி. இந்த எட்டையும் எந்தச் சிறகுக் கோலத்திலும் அடையாளம் காண முடிந்தபிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

நிறத்தைப் பார்த்துத் தொடங்குபவர் குழம்புவார். குளிர்காலத்தில் எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான். அலகின் நீளம், காலின் நீளம், மேயும் விதம், நிற்கும் நீரின் ஆழம் என்ற வரிசையில் பாருங்கள். கொசு உள்ளான் ஈரச் சேற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீரிலும் தையல் ஊசி போல வேகமாகக் குத்தும். வளைமூக்கு உள்ளான் வயிறு நனைய இறங்கும், அலகு நுனி கீழே வளையும், பறக்கும்போது வால் மேல்பக்கம் வெள்ளை தெரியும். உப்புக்கொத்திகள் கண்ணால் தேடுபவை: ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். பச்சைக்காலிக்கு அலகு தடிமனாகச் சற்று மேல்நோக்கி இருக்கும். சதுப்பு மண் உள்ளானுக்கு அதே அலகு மெல்லியதாக, நேராக இருக்கும்.

மணல் உப்புக்கொத்தியை அறிவியலாளர்கள் அண்மையில் திபெத்திய இனம், சைபீரிய இனம் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்காலக் கோலத்தில் இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் செயலியில் “இரண்டில் ஒன்று” என்ற பதிவு உண்டு, அதைப் போடுங்கள். நம் கரையிலேயே தங்கி முட்டையிடும் அனுமான் உப்புக்கொத்தியும் 2023-இல்தான் தனி இனமாகக் காட்டப்பட்டது. மே, ஜூனில் மணலில் தெரியும் வெளிர் நிறச் சிறு உப்புக்கொத்தியை “போகாமல் நின்றுவிட்ட வலசைப் பறவை” என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஆண்டைப் படிப்பது

ஆகஸ்ட், செப்டம்பர் தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள். தேய்ந்த சிறகும், மார்பில் திட்டுத்திட்டாகச் செங்கல் நிற மிச்சமுமாக இருக்கும். வளைமூக்கு உள்ளானில் ஆண்களே முதலில் கிளம்பி வரும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணின் பொறுப்பு. செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து இளம் பறவைகள் வரும். அவற்றின் முதுகுச் சிறகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்தவை. ஒவ்வொன்றிலும் வெளிர் விளிம்பு, மீன் செதில் அடுக்கியது போன்ற ஒழுங்கு.

அக்டோபருக்குள் ஒருமுறையாவது இளம் பறவை விகிதத்தை எடுங்கள். வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் வயது தெளிவாகத் தெரியும் 100 பறவைகளைப் பார்த்து, எத்தனை இளம் பறவை என்று குறியுங்கள். அந்த ஆண்டு ஆர்க்டிக்கில் குஞ்சு பிழைத்ததா என்பதற்கான குறி அது. சைபீரியாவின் வடகோடியில் உள்ள டைமீர் தீபகற்பத்தில் லெம்மிங் என்ற எலியினம் பெருகிய கோடையில் நரிகள் அதைத் தின்று பறவை முட்டைகளை விட்டுவைக்கும். எலி குறைந்தால் முட்டைக்கு ஆபத்து. இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் சுழற்சி. அங்கே எலி குறைந்தது கடலூர்ச் சேற்றில் எண்ணிக்கையாகத் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: முகத்துவாரத்தின் ஓரங்களில் இளம் பறவைகள் அதிகம் நிற்கும். கூட்டத்தின் ஓரத்தில் மட்டும் பார்த்தால் விகிதம் பொய்யாகும். நடுவிலும் ஓரத்திலும் பாதிப் பாதி எடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வரவும் போக்கும் குறைவு. ஒப்பிட ஏற்ற எண்ணிக்கை இதுதான். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். மார்ச்சில் பறவைகள் கொழுக்கத் தொடங்கும். வால் அடியில் வயிறு உருண்டு தெரியும். நீண்ட பயணத்துக்கு முன் சில இனங்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். ஏப்ரலிலிருந்து மே நடுப்பகுதி வரை கிளம்பும்.

கிளம்புவதைப் பார்க்க மாலைதான் நேரம், சூரியன் மறைவதற்கு இரண்டு மணி முன்பிருந்து. பறவைகள் அமைதி இழந்து கூப்பிடும். சிறு கூட்டமாக எழுந்து சுற்றி மறுபடி இறங்கும். பிறகு ஒரு கூட்டம் இறங்காமல் உயர்ந்துகொண்டே போகும். இனம், எண்ணிக்கை, நிமிடம், திசை, காற்றின் திசை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். தெற்கிலிருந்து காற்று வீசும் மாலைகளைத் தவறவிடாதீர்கள். பின்காற்று அவற்றுக்குச் செலவைக் குறைக்கும். ஆனால் தாழப் பறந்து மறைந்த கூட்டம் பக்கத்துக் கழிமுகத்துக்குப் போயிருக்கலாம். உயரம் கூடாத கூட்டத்தைப் “புறப்பாடு” என்று எழுதாதீர்கள்.

எண்ணும் முறை

நூறு வரை ஒன்றொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அந்த அகலத்தைக் கூட்டத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பத்து பத்தாக எண்ணுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் நூறு நூறாக. கூட்டத்தின் நடு நெருக்கமாகவும் ஓரம் கலைந்தும் இருக்கும். ஆகவே அளவை இரண்டு இடத்திலும் புதிதாக எடுங்கள்.

கலந்த கூட்டத்தில் ஒவ்வோர் இனமாக எண்ணப் போனால் பாதியில் பருந்து வந்துவிடும். முதலில் மொத்தம். பிறகு ஸ்கோப்பைக் கூட்டத்தின் நான்கு இடங்களில் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் 50 பறவைகளின் இனத்தைக் குறியுங்கள். மொத்தம் 800, பார்த்த 200-இல் 120 கொசு உள்ளான் என்றால் கூட்டத்தில் சுமார் 480. அரிய இனங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றைத் தேடி எண்ணுங்கள்.

பெரிய கூட்டத்தைப் புதியவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள். வீட்டில் பயிற்சி எடுக்கலாம். ஒரு பிடி பாசிப்பயறைச் செய்தித்தாளில் கொட்டி, பத்து நொடி பார்த்து மதிப்பை எழுதி, பிறகு எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்தில் பிழை எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

இரண்டு பேர் போவது நல்லது: ஒருவர் ஸ்கோப்பில் கண் எடுக்காமல் சொல்ல, மற்றவர் எழுத. எழுந்து பறந்த கூட்டம் எங்கே இறங்கியது என்பதையும் எழுதுபவரே கவனிக்க வேண்டும். இரட்டை எண்ணிக்கை அங்கேதான் நுழையும். ஈபேர்ட் செயலியில் பதியும்போது பார்த்த எல்லா இனங்களையும் சேர்த்து “முழுப் பட்டியல்” என்று கொடுங்கள். எண்ணுக்குப் பதில் எக்ஸ் குறி போட்டால் பறவை இருந்தது என்பது மட்டும் பதிவாகும், எத்தனை என்பது போய்விடும். பறவையே இல்லாத நாளின் பட்டியலையும் போடுங்கள். ஜூலையின் சுழியம் இல்லாவிட்டால் ஆகஸ்டின் முதல் வருகைக்குப் பொருளில்லை.

மாதம் இரண்டு முறை போதும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும் ஏப்ரலிலும் வாரம் ஒருமுறை.

கால் கொடியை வாசிப்பது

சில பறவைகளின் காலில் நிறப் பிளாஸ்டிக் கொடியும் உலோக வளையமும் இருக்கும். கொடியின் நிறச் சேர்க்கை எங்கே மாட்டப்பட்டது என்பதையும், அதிலுள்ள எழுத்து எந்தப் பறவை என்பதையும் சொல்லும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நீண்ட காலமாக வளையமிடுகிறது. அங்கே மாட்டியது ஒன்று உங்கள் முகத்துவாரத்தில் நிற்க வாய்ப்புண்டு.

இந்த வரிசையில் எழுதுங்கள்: பறவையின் இடது காலா, வலதா, மடிப்புக்கு மேலா, கீழா, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றின் நிறம், எழுத்து, உலோக வளையம் எந்தக் காலில். இடது என்பது பறவையின் இடது. அது உங்களைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்பக்கம் இருப்பதுதான் அதன் இடது கால். பாதிப் பிழைகள் இங்கேதான் வருகின்றன. மஞ்சள் வெளுத்து வெள்ளையாகவும், ஆரஞ்சு வெளுத்து மஞ்சளாகவும் தெரியும். சேறு பூசினால் எல்லாமே கறுப்பு. எட்டும் பி-யும், சி-யும் ஜி-யும், ஈ-யும் எஃப்-பும் தூரத்தில் ஒன்று போல இருக்கும். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒற்றைக்காலில் தூங்கும் பறவைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். விரட்டி நடக்கவிடக் கூடாது.

கொடி கிடைக்காத நாளிலும் எத்தனை பறவையின் இரண்டு கால்களையும் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 300 பார்த்ததில் ஒன்றுமில்லை என்பதும் ஒரு தகவல்.

வரைபடத்தோடு சேர்ப்பது

ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு ஈபேர்ட் தளத்தின் வாரவாரி வரைபடத்தை உங்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். பொன்னிற உப்புக்கொத்தி உங்கள் சேற்றிலிருந்து குறையும் வாரத்தில் வடக்கே எங்கே கூடுகிறது, கஜகஸ்தானின் டெங்கிஸ் ஏரிப் பக்கம் எப்போது பதிவுகள் ஏறுகின்றன என்று பாருங்கள். மத்திய ஆசியாவில் பார்வையாளர்கள் குறைவு. வரைபடத்தில் வெற்றிடம் என்றால் அங்கே பறவை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தனிப் பறவையின் பாதையைப் பார்க்க மூவ்பேங்க் தளத்தில் திறந்துவிடப்பட்ட செயற்கைக்கோள் தடங்கள் உண்டு. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்த ஐந்து மாத வயதுப் பட்டைவால் மூக்கனின் பயணம் இப்படித்தான் தெரிய வந்தது. நம் கொசு உள்ளானுக்கு அந்தக் கருவி மாட்ட முடியாது. கருவி உடல் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 25 கிராம் பறவைக்கு முக்கால் கிராம்தான். அந்த எடைக்குள் பெரும்பாலும் பயன்படுவது ஒளியளவு பதியும் சிறு கருவி. சூரிய உதயமும் மறைவும் வைத்து இடத்தைக் கணிக்கும் அது, மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் வடக்கு தெற்கு நிலையைச் சொல்ல முடியாமல் தடுமாறும். தவிர, பறவையை மறுபடி பிடித்தால்தான் பதிவு கிடைக்கும். சிறு உள்ளான்களின் பாதை இன்னும் வளையங்களையும் எண்ணிக்கைகளையும் நம்பியிருப்பதற்கு இதுதான் காரணம்.

பறவையை நெருங்குவதும், இறந்த பறவையும்

மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்வாங்கி உட்காருங்கள். ஒரே கூட்டம் உங்களால் இரண்டு முறை எழுந்தால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கையால் இறால் தடவும் இருளர்களையும் வலைக்காரர்களையும் பறவைகள் சட்டை செய்வதில்லை. குனிந்து, மெல்ல, பக்கவாட்டில் நகர்கிறார்கள். நேராக நோக்கி நடப்பவரைக் கண்டுதான் பறக்கின்றன. ட்ரோன் வேண்டாம்.

வலசைக் கரைப்பறவைகள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பதும் வளையமிடுவதும் அனுமதி பெற்றவர்களின் வேலை. கண்ணி, வலை கண்டால் நீங்களே அறுக்காமல், இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளையத்தோடு இறந்த பறவை கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு வளையத்தைச் சுற்றிலும் திருப்பி, எல்லா எழுத்தும் எண்ணும் விழும்படி மூன்று நான்கு படம் எடுங்கள். இறக்கை விரித்து ஒன்று, முழு உடல் ஒன்று. பல பறவைகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தால் எதையும் எடுக்காமல் கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் அன்றே தகவல் போக வேண்டும். வளையத்தில் பம்பாய்க் கழகத்தின் பெயர் இருந்தால் எண், தேதி, இடம், படங்களை அவர்களுக்கு அனுப்புங்கள். வேறு நாட்டு வளையம் என்றாலும் அவர்களுக்கே அனுப்பலாம், உரியவரிடம் சேர்ப்பார்கள்.